நிலமும் பொழுதும் ஒரு முன்சக்கரமும்

மலைச்சைக்கிள் வாங்கிய நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: எந்த டயர் நல்லது? எந்த ஊரில், எந்த மாதத்தில் ஓட்டப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஊரைத் தயங்காமல் சொல்லிவிடுவார்கள். மாதத்தைக் கேட்பது மட்டும் அவர்களுக்கு விதண்டாவாதமாகப் படுகிறது. எனக்கோ அந்த இரண்டாவது கேள்விதான் பெரிது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று நிலத்தை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை; பொழுதையும் சேர்த்தே சொல்கிறது. டயர்ப் பட்டியல்களில் இறுகிய தரை, கலப்புத் தரை, இளகிய தரை என்று மூன்று திணைகள் இருக்கும். மிஞ்சினால் சேறு என்று நாலாவதாக ஒன்று. எந்தச் சேறு, எப்போதைய சேறு என்ற பேச்சே கிடையாது.

இந்தப் பிடிவாதத்துக்குச் சொந்தக் காரணமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசியில், கோத்தகிரிக்குக் கீழே தேயிலைத் தோட்டப் பாதை ஒன்றில் விழுந்து இடது தோளின் காறை எலும்பை முறித்துக்கொண்டேன். அப்படியொன்றும் வேகமாகப் போகவில்லை. அதே டயரோடு அதே வளைவில் மாசி மாதத்தில் இருமடங்கு வேகத்தில் இறங்கியிருக்கிறேன். எழுந்து பார்த்தபோது முன்டயரின் பட்டன்களுக்கு நடுவில் செம்மண் அப்பி, டயர் குழைத்த மண்ணில் உருட்டியெடுத்த உருளைபோல் வழவழவென்று இருந்தது. உயரம் குறைந்து நெருக்கமாக அமைந்த பட்டன்கள் அவை. காய்ந்து இறுகிய தரையில் அவற்றைப்போல் ஓடுவது வேறில்லை. நனைந்த களிமண்ணில் ஐம்பதடி போவதற்குள் அவை இருந்த இடமே தெரியாமல் போய்விடுகின்றன.

இந்த வகை டயர் எந்த மண்ணில் உருவானது என்று யோசித்தால் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1976இல் கலிபோர்னியாவின் மாரின் கவுண்டியில், ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்கு அருகே ‘ரீபேக்’ என்ற இறக்கப் பந்தயம் தொடங்கியது. பழைய ஷ்வின் சைக்கிள்களில் தடித்த பலூன் டயர்களோடு புழுதிப் பாதையில் இறங்குவார்கள். ஒருமுறை இறங்கினாலே பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் எரிந்துபோகும். அதை மறுபடி அடைக்க வேண்டியிருந்ததால் வந்த பெயர் அது. அந்த ஊரில் கோடை முழுக்க மழை கிடையாது. இந்த விளையாட்டின் இளமைக்காலம் அப்படிப்பட்ட வறண்ட புழுதியில் கழிந்தது. அதன் சாயல் இன்றைக்கும் பல டயர்களில் இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

நீலகிரிக்கு வருவோம். இங்கே ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு மழைக்காலங்கள் உண்டு. மேற்கே கூடலூர், பந்தலூர், அவலாஞ்சிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. கிழக்கே குன்னூரும் கோத்தகிரியும் பெருமழைக்கு ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருக்கும். 2009 நவம்பரில் அந்தப் பக்கம் நிகழ்ந்த நிலச்சரிவுகள் பலருக்கும் நினைவிருக்கலாம். ஆகவே ஆடி மாதத்தில் கூடலூர்க்காரருக்குப் பொருந்தும் டயர் கோத்தகிரிக்காரருக்குப் பொருந்த வேண்டியதில்லை. இருவரும் வாங்குவது என்னவோ ஒரே கடையில்.

சேறு என்றால் சேற்று டயர் என்று சொல்லிவிடுவதும் அரைகுறைதான். ஒடுங்கலாக, உயர்ந்த பட்டன்கள் விலகி நிற்கும் அந்த டயர், மேலே மெல்லிய சேறும் கீழே கெட்டித் தரையும் உள்ள இடத்தில் கத்திபோல் வெட்டி இறங்கிப் பிடித்துக்கொள்ளும். தேயிலைச் சரிவின் செங்களி அப்படியல்ல; பிசின்போல் ஒட்டும். கொஞ்ச தூரத்தில் சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் இடையே அடைத்துக்கொண்டு சக்கரமே நின்றுவிடும். சோலையோரத்து ஈர வேர்களின்மேல் பட்டன் எவ்வளவு உயரமானாலும் பயனில்லை. குத்தி இறங்க அங்கே மண் இல்லை. ரப்பர் மென்மையாக இருக்க வேண்டும், காற்றும் குறைவாக இருக்க வேண்டும். அந்த மென்மையான ரப்பரைத் தார்ச்சாலையில் தினமும் ஓட்டினால் சீக்கிரம் தேய்ந்து ஓய்ந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே டயர் என்பது விளம்பர எழுத்தாளரின் கற்பனை.

என் கருத்து இதுதான். விலையுயர்ந்த ஒரு ஜோடிக்குக் கொட்டும் பணத்தில் நடுத்தர விலையில் ஒரு பின்டயரும் இரண்டு முன்டயர்களும் வாங்குங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் வழுக்கினால் நினைப்பதற்குள் தரையில் கிடப்போம். வறண்ட மாதங்களுக்கு நெருக்கமான பட்டன், மழை தொடங்கியதும் 2.3 அங்குல அகலத்தில் பட்டன்கள் விலகி நிற்கும் மென்ரப்பர் டயர். மாற்றுவதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது செலவே இல்லாத வேலை: காற்றைக் குறைப்பது. நான் விழுந்ததற்கு முந்தைய நாள், கடைக்காரர் டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருந்த அதிகபட்ச அளவான 60 பி.எஸ்.ஐ. வரை அடித்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் திருப்தியோடு கொடுத்தார். தாங்கக்கூடிய உச்ச அளவைப் பரிந்துரை என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பால்கேனும் சிலிண்டரும் ஏற்றும் சைக்கிளுக்கு அதுதான் சரி. எழுபது கிலோ எடையுள்ள நான் இப்போது ட்யூப் இல்லாத டயரில் முன்னால் 22, பின்னால் 25 வைக்கிறேன். ட்யூப் இருந்தால் இன்னும் ஐந்தாறு கூட வேண்டும். இல்லையென்றால் கல்லில் இடிக்கும்போது ட்யூப் விளிம்பில் நசுங்கிக் கிழியும். காற்றைக் குறைத்தால் வண்டி மந்தமாகும் என்ற பயம் மேடுபள்ளமான தரையில் பொய். இறுகிய டயர் கல்லுக்குக் கல் எகிறுகிறது. தளர்ந்தது கல்லை உள்வாங்கிக்கொண்டு உருண்டு போகிறது.

சமவெளி நண்பர்களுக்கு ஒரு வரி: உங்கள் கவலை சேறல்ல, சீமைக்கருவேல முள். ட்யூபைக் கழற்றிவிட்டு உள்ளே அடைப்புத் திரவம் ஊற்றிக்கொள்ளுங்கள்.

சரி, ஐப்பசியின் செங்களிக்கு எந்த டயர்? மழை விடாமல் பெய்யும் நாட்களில் எதுவும் இல்லை. நனைந்த களியில் நம் சக்கரம் கீறும் கோடு அடுத்த மழையில் ஓடையாகிறது. அதற்கடுத்த மழையில் பாதையின் விளிம்பு சரிகிறது. நாம் ஞாயிற்றுக்கிழமை இறங்கும் அந்தப் பாதையில் திங்கட்கிழமை காலை தேயிலைப் பறிக்கும் பெண்கள் முதுகில் பையோடு ஏற வேண்டும். நான் விழுந்த அன்று என்னைத் தூக்கி உட்காரவைத்தவர்கள் அவர்கள்தான். அதில் மூத்தவர் ஒருவர் என் தோளைப் பார்க்கும் முன் பாதையில் விழுந்திருந்த சக்கரத் தடத்தைப் பார்த்தார். "இந்த மழையில எதுக்கு தம்பி?" என்றார். அதற்குப் பிறகு ஐப்பசி, கார்த்திகையில் நான் அந்தப் பக்கம் போவதென்றால் தார்ச்சாலையோடு சரி.