எவ்வளவு நினைவகம் போதும் என்பதை யார் சொல்வது?

வீட்டுக்குக் கணிப்பொறி வாங்கப் போகிறவருக்கு இன்று கிடைக்கும் அறிவுரை ஏறத்தாழ ஒன்றுதான்: "நினைவகத்தை எவ்வளவு முடியுமோ அவ்வளவு போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்." கடைக்காரர் சொல்கிறார், யூடியூப் விமர்சகர் சொல்கிறார், ஐடியில் வேலை பார்க்கும் மருமகனும் சொல்கிறார். வாங்குகிறவர் அந்தக் கணிப்பொறியில் என்ன செய்யப் போகிறார் என்று மூவரில் ஒருவரும் கேட்பதில்லை. நாடி பிடித்துப் பார்க்காமலே எழுதப்படும் மருந்துச் சீட்டு இது. 8 கிகாபைட் போதுமான குடும்பத்தின் தலையில் 32-ஐக் கட்டுவதும், 16 தேவைப்படுகிறவரிடம் 8-ஐத் தள்ளிவிடுவதும் ஒரே அலட்சியத்தின் இரு முகங்கள் என்பது என் வாதம்.

இலக்கிய அன்பர்கள் விவாதிக்க இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். பணம் இருக்கிறது. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்றே நிறுவனங்கள் தயாரிக்கின்றன. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் பசிக்குத் தங்கள் உற்பத்தியை அவை திருப்பிவிட்டதால், 2025-இன் பிற்பகுதியில் வீட்டு நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. பொதுமக்களுக்கு விற்றுவந்த குரூஷியல் வணிகத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் மைக்ரான் அறிவித்தது. இப்படிப்பட்ட காலத்தில் "எதற்கும் இருக்கட்டும்" என்று வாங்குவது வெறும் விரயம்.

மறுபக்கத்தையும் பார்ப்போம். விண்டோஸ் 95 கேட்ட குறைந்தபட்ச நினைவகம் 4 மெகாபைட். 2001-இல் எக்ஸ்பி 64 கேட்டது. 2007-இல் விஸ்டா 512. 2021-இல் விண்டோஸ் 11 கேட்டது 4 கிகாபைட். இருபத்தாறு ஆண்டுகளில் ஆயிரம் மடங்கு. நாம் எழுதும் கடிதமும் கட்டுரையும் ஆயிரம் மடங்கு பெருகிவிடவில்லை. இந்தப் பெருக்கத்தில் நியாயமான பங்கும் உண்டு என்பதை மறுக்கவில்லை. படம், காணொளி, பாதுகாப்பு எல்லாம் இடம் கேட்கின்றன. தமிழும் கேட்கிறது: திஸ்கியில் ஒரு குறியீட்டுக்கு ஒரு பைட் போதும், யூனிகோடின் யூடிஎஃப்-8 வடிவில் மூன்று பைட் வேண்டும். உலகின் எந்தக் கணிப்பொறியிலும் தமிழ் சிதையாமல் தெரிவதற்கு அது மிக மலிவான விலை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு 1500 குறியீடுகள் என்று 300 பக்க நாவலுக்கு 13.5 லட்சம் பைட். 8 கிகாபைட்டில் அப்படிப்பட்ட நாவல்கள் ஆறாயிரத்துக்கு மேல் அடங்கும். அந்த இடத்தில் ஒரே ஒரு நாவலைத் தட்டச்சு செய்யக் கணிப்பொறி திணறுகிறதென்றால் குற்றவாளி தமிழும் அல்ல, நாவலும் அல்ல.

வன்பொருள் வேகமாவதைவிட விரைவாக மென்பொருள் மந்தமாகிறது என்று நிக்லாவுஸ் விர்த் 1995-லேயே எழுதினார். பாஸ்கல் மொழியைப் படைத்தவர் அவர். இன்று நிலைமை இன்னும் முற்றியிருக்கிறது. அரட்டைக்கு ஒரு செயலி, குறிப்பெடுக்க ஒரு செயலி என்று நாம் நிறுவுகிறவற்றுள் பல, தனித்தனியே ஒரு முழு உலாவியைத் தம் வயிற்றில் சுமந்து வருகின்றன. எல்லா இயங்குதளங்களுக்கும் ஒரே முறை எழுதினால் போதும் என்பதால் தயாரிப்பாளருக்குச் சம்பளச் செலவு மிச்சம். அந்த மிச்சத்தின் விலையை நினைவகமாக வாங்கிக் கட்டுகிறவர் வீட்டுக்காரர். இதற்குத்தான் முன்னேற்றம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

எதிர்முனையில் இன்னொரு கூட்டம் உண்டு. நிலவுக்குப் போன அப்பல்லோ கணிப்பொறியில் எழுதி அழிக்கத்தக்க நினைவகம் 2048 சொற்கள்தான், உங்களுக்கு எதற்கு கிகாபைட் என்பார்கள். அந்தக் கணிப்பொறிக்கு வேறு வேலை கிடையாது. அதில் யாரும் பிள்ளைகளின் இணைய வகுப்பைத் திறக்கவில்லை. "640 கிலோபைட் யாருக்கும் போதும்" என்று பில் கேட்ஸ் சொன்னதாக ஒரு கதையும் உலவுகிறது. அவர் அதை மறுத்திருக்கிறார். மூலத்தை இதுவரை எவரும் காட்டியதில்லை. பெருமூச்சும் பேராசையும் ஒரே இடத்தில் கைகோக்கின்றன: இரண்டுமே அளந்து பார்ப்பதில்லை.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது நம் வழக்கு. அளப்பதும் எளிது. வீட்டிலிருக்கும் கணிப்பொறியில், உங்களுக்கு மிகவும் வேலையுள்ள ஒரு மாலையில் திறப்பவை அனைத்தையும் திறந்து வையுங்கள். பிறகு விண்டோஸில் டாஸ்க் மேனேஜரின் நினைவகப் பகுதியையும், மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரின் அழுத்த வரைபடத்தையும், லினக்ஸில் "கிடைக்கக்கூடியது" என்ற நிரலையும் பாருங்கள். காலியாகக் கிடக்கும் நினைவகத்தை இயங்குதளம் கோப்புகளின் நகலுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். கேட்டால் உடனே விட்டுக்கொடுக்கும். ஆகவே "காலி" என்ற எண் சிறிதாயிருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. கிடைக்கக்கூடியது வற்றி, வட்டில் எழுதிப் படிக்கத் தொடங்கும்போதுதான் உண்மையான பற்றாக்குறை. சுழலும் வன்தட்டு நினைவகத்தைவிட ஏறத்தாழ லட்சம் மடங்கு மெதுவானது. பழைய கணிப்பொறியில் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவது, நினைவகத்தை இரட்டிப்பதைவிடப் பல வீடுகளில் அதிகம் உதவுவது இதனால்தான்.

என் கணக்கு இது. படிக்க, எழுத, படம் பார்க்க, வங்கி வேலைக்கு 8 கிகாபைட். உலாவியில் பல பக்கங்கள் திறந்திருக்கக் காணொளிக் கூட்டமும் நடக்கும் வீட்டுக்கு 16. காணொளி தொகுப்பவர், மெய்நிகர் கணிப்பொறிகளை ஓட்டுபவர், மொழி மாதிரிகளை வீட்டிலேயே இயக்க விரும்புபவர் ஆகியோருக்கே 32. 700 கோடி அளவுருக்கள் கொண்ட மாதிரி, 4 பிட்டுக்குச் சுருக்கினாலும் 3.5 கிகாபைட்டை விழுங்கும். அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

"எதிர்காலத்துக்கு ஆகும்" என்பதுதான் எஞ்சும் வாதம். 2016-இல் அப்படி நம்பி 16 கிகாபைட்டுக்குப் பணம் கட்டியவரை நினைத்துப் பாருங்கள். விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. அவர் காலத்து இன்டெல் செயலிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் 11-இன் ஏற்புப் பட்டியலில் இல்லை. நினைவகம் நிறைய இருந்தது. வாசலில் நிறுத்தியது வேறொன்று.

மடிக்கணினியில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்களே, பின்னால் கூட்ட முடியாதே என்பது வலுவான மறுப்பு. அப்படிப்பட்ட பொறியை வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் அளந்ததற்கு ஒரு படி மேலே வாங்குங்கள். ஆனால் இது பற்றவைப்புக்கு எதிரான வாதமே அன்றி, அதிக நினைவகத்துக்கு ஆதரவான வாதம் அன்று. 2023-இல் 1599 டாலர் மேக்புக் புரோவை 8 கிகாபைட்டோடு விற்ற ஆப்பிள், அது மற்றவற்றின் 16-க்குச் சமம் என்றது; கூடுதல் 8-க்கு 200 டாலர் கேட்டது. 2024 அக்டோபரில் தானே 16-ஐ அடிப்படையாக்கிக்கொண்டது. முந்தைய ஆண்டு அந்தச் சொல்லை நம்பி வாங்கியவருக்குத் திருத்திக்கொள்ள வழியில்லை. பற்றவைப்பதால் மின்சாரம் மிச்சம், வேகம் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் அந்த வசதிகளோடு கழற்றி மாட்டவும் இயலும் எல்பிகேம்2 வடிவம் 2024-லேயே சந்தைக்கு வந்துவிட்டது.

எனவே கடையில் "எத்தனை ஜிபி?" என்பதற்கு முன்னால் "பின்னால் கூட்ட முடியுமா?" என்று கேளுங்கள். முடியும் என்றால் இன்றைய தேவைக்கு மட்டும் வாங்குங்கள்; மிச்சப் பணத்தை, விலை இறங்கும் நாள்வரை உங்கள் கையிலேயே வைத்திருங்கள்.