பூந்தொட்டிக்குப் போன உழைப்பு

சாப்பாட்டு வேளையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, "இதோ, ஐந்தே நிமிஷம் அம்மா!" என்று சொல்லும் பிள்ளை உங்கள் வீட்டிலும் உண்டா? என் வீட்டில் உண்டு. அன்றைக்கு ரசம் ஆறிப்போன கோபத்தில், "இந்த ஆட்டத்தை எல்லாம் உண்டாக்குகிறவர்களுக்கு வேறு வேலையே கிடையாதா?" என்று கேட்டுவிட்டேன். "அவர்கள் படும் பாடு உனக்குத் தெரியாது. நானும் அந்த வேலைக்குத்தான் போகப் போகிறேன்" என்றான் பிள்ளை. எனக்குத் திக்கென்றது. பிறகு அவன் ஒரு கதை சொன்னான். உங்களுக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

ஜப்பானில் ஸ்குவேர் எனிக்ஸ் என்று ஒரு பெரிய கம்பெனி. அது 2010 செப்டம்பரில் 'ஃபைனல் ஃபேன்டஸி 14' என்ற ஆட்டத்தை வெளியிட்டது. எங்கெங்கோ இருக்கும் ஜனங்கள் இணையத்தின் வழியே ஒரே கற்பனை ராஜ்யத்தில் கூடி ஆடுகிற ஆட்டம் அது. மாதச் சந்தா கட்டி ஆட வேண்டும் என்பது ஏற்பாடு. பேர் பெற்ற கம்பெனி ஆயிற்றே என்று ஆவலோடு வந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். டிசம்பரில் கம்பெனித் தலைவரே பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். சந்தா வசூலும் தள்ளிப் போயிற்று. நவோகி யோஷிதா என்பவரிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள்.

என்ன கோளாறு நடந்தது என்பதை அவரே 2014-ல் ஒரு மாநாட்டில் விளக்கினார். அவர் சொன்ன காரணங்கள் மூன்று. மூன்றும் நம் வீட்டுக் கல்யாணங்களில் நாம் பார்த்தவைதாம்!

முதலாவது, அழகு மோகம். அந்த ஆட்டத்தில் ஓரமாக இருக்கும் ஒரு பூந்தொட்டியின் சித்திரத்துக்கு, நடமாடும் கதாபாத்திரத்துக்கு வேண்டிய அளவு நுணுக்கத்தைச் செலவழித்திருந்தார்களாம்! ஒவ்வொரு நுணுக்கத்தையும் ஆடுகிறவரின் கம்ப்யூட்டர் வரைந்தாக வேண்டும். தொட்டிக்கே சக்தி போய்விட்டால் மனிதர்களுக்கு ஏது? திரையில் கூட்டத்தைக் காட்ட முடியவில்லை. பந்தலுக்கே பணத்தைக் கொட்டிவிட்டு, பந்தியில் இலையைக் குறைத்த கதைதான்.

இரண்டாவது, ஆட்கள். கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அந்தக் காலத்தில் மற்றவர்கள் வெளியிட்ட இவ்வகை ஆட்டங்களை ஆடிப் பழகியவர்கள் குறைவு. மைசூர்பாகில் கைதேர்ந்தவரை ஆயிரம் பேர் பந்திக்குச் சமையல் பொறுப்பாக்கலாமா?

மூன்றாவது, நாள். 'குறை இருந்தால் பிறகு திருத்திக்கொள்ளலாம்' என்ற எண்ணம். உப்பில்லாத சாம்பாரை முதல் பந்திக்குப் பரிமாறிவிட்டு, இரண்டாம் பந்தியில் சரி செய்வதாகச் சொன்னால் சம்பந்திகள் சும்மா இருப்பார்களா?

யோஷிதா என்ன செய்தார்? ஒட்டுப் போட்டுப் பயனில்லை, அடியிலிருந்து கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். ஆனால் உள்ளே குடியிருப்பவர்களை வெளியே தள்ள முடியுமா? பழைய ஆட்டத்தைத் திருத்தி நடத்தச் சில பேர், புதியதைக் கட்ட மற்றவர்கள் என்று ஆட்களைப் பிரித்தார். ஒரே சமயத்தில் இரட்டை வேலை, இரட்டைச் செலவு. 2012 நவம்பரில், கதையிலேயே வானத்திலிருந்து ஒரு சந்திரன் விழுந்து ராஜ்யம் அழிந்ததாகக் காட்டிப் பழைய ஆட்டத்தை மூடினார்கள். 2013 ஆகஸ்ட் 27-ல் புதிய ஆட்டம் பிறந்தது. வந்த கூட்டத்தைத் தாங்க மாட்டாமல், கொஞ்ச நாள் இணைய விற்பனையையே நிறுத்தும்படி ஆயிற்று!

இதில் என் மனசைத் தொட்டது வேறொன்று. 2021-ல் அடுத்த பெரிய பகுதி வெளியாக வேண்டிய நாள் நெருங்கியபோது, இன்னும் செப்பனிட வேண்டும் என்று யோஷிதா இரண்டு வாரம் தள்ளிவைத்தார். ஆடுகிறவர்களிடம் மன்னிப்பும் கேட்டார். நாளைக் காப்பாற்றுவதைவிட நாணயத்தைக் காப்பாற்றுவது பெரிது என்று பட்டபாட்டில் தெரிந்துகொண்டார் போலும்.

நாள் தள்ளாத இடங்களில் என்ன ஆகிறது தெரியுமா? ஆட்களைத்தான் பிழிகிறார்கள். கடைசி வாரங்களில் இரவு பகலாக வேலை வாங்குவதற்கு அந்தத் தொழிலில் 'கிரஞ்ச்' என்றே பெயர். யார் வீட்டுப் பிள்ளையோ அங்கே சாப்பிடாமல் கண் விழிக்கிறான்.

என் பிள்ளையை நான் தடுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்லி வைத்தேன்: "வேலைக்குச் சேருமுன் சம்பளத்தை மட்டும் கேட்காதே. எத்தனை பேர், எவ்வளவு பணம், எத்தனை நாள் என்று கேள். மூன்றும் பொருந்தாவிட்டால் பிழியப்படுவது நீதான்."

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளையோ பெண்ணோ இருந்தால், இதைச் சொல்லி வையுங்கள். அதற்குமுன், ரசத்தைச் சூடு பண்ணிக் கொடுத்துவிடுங்கள்!