அனுபவ வீரரா, புதுமுகமா? மைசூரு முதல் சென்னை வரை மாறிவரும் ஏலக் கணக்கு

மைசூரு: களத்தில் தன்னை நிரூபித்த வீரருக்குப் பெருந்தொகை கொடுப்பதா, குறைந்த விலையில் புதுமுகத்தை எடுத்து வளர்ப்பதா என்ற கேள்வி ஒவ்வோர் ஏலத்தின்போதும் அணி நிர்வாகங்களின் முன் எழுகிறது. கர்நாடக மாநில கிரிக்கெட் சங்கத்தின் மகாராஜா கோப்பை டி20 தொடரில் ஆடும் மைசூரு வாரியர்ஸ் அணி இவ்விரு வழிகளையும் முயன்று பார்த்துள்ளது.

50 ஆயிரமும் 12.20 லட்சமும்

2024ஆம் ஆண்டு ஏலத்தில், ராகுல் டிராவிட்டின் மகன் சமித் டிராவிட்டை மைசூரு அணி 50 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியது. அத்தொடரில் அவர் பெரிய ஸ்கோர் எதையும் எட்டவில்லை. எனினும், அந்த விலையில் அணிக்கு இழப்பு என்று சொல்ல ஏதுமில்லை. மறுபுறம், அனுபவம் மிக்க கேப்டன் கருண் நாயர் மங்களூரு அணிக்கு எதிராக 48 பந்துகளில் 124 ரன்கள் குவித்தார். இறுதிப் போட்டியிலும் அரைசதம் அடித்தார். பெங்களூரு பிளாஸ்டர்ஸை 45 ரன்கள் வித்தியாசத்தில் வீழ்த்தி மைசூரு கோப்பையை வென்றது.

அடுத்த ஆண்டு, ஐபிஎல் தொடரில் சதமடித்த முதல் இந்தியரான மணீஷ் பாண்டேவை மைசூரு அணி 12.20 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. இது சமித்தின் விலையைப் போல் 24 மடங்குக்கும் அதிகம். ஆனால் அம்முறை கோப்பை மங்களூரு டிராகன்ஸ் வசமானது. அனுபவம் வெற்றி வாய்ப்பைக் கூட்டுமே தவிர, வெற்றியை உறுதி செய்யாது.

சென்னையின் இரட்டை முடிவு

இதே கேள்விக்கு சென்னை சூப்பர் கிங்ஸ் அணி 2025ஆம் ஆண்டு இறுதியில் இரு வேறு விதமாக விடையளித்தது. நவம்பரில் 18 கோடி ரூபாய் மதிப்புள்ள சஞ்சு சாம்சனை வீரர் பரிமாற்றம் மூலம் பெற்றது. அதற்கு ஈடாக ரவீந்திர ஜடேஜா, சாம் கரண் ஆகிய இருவரை ராஜஸ்தான் ராயல்ஸுக்கு விட்டுக்கொடுத்தது. நிரூபிக்கப்பட்ட வீரரின் உண்மையான விலை ஊதியம் மட்டுமன்று, அவருக்காக இழக்கப்படும் வீரர்களும் அதில் அடக்கம். அதே நேரத்தில், 36 வயது ஜடேஜாவுக்குப் பதில் 31 வயது சாம்சனைப் பெற்றதன் மூலம் எதிர்காலத்துக்கான சில ஆண்டுகளையும் சென்னை வாங்கியுள்ளது.

டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில், சர்வதேசப் போட்டிகளில் ஆடாத பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகியோரைத் தலா 14.20 கோடி ரூபாய்க்குச் சென்னை வாங்கியது. இருவரின் அடிப்படை விலை தலா 30 லட்சம் மட்டுமே. பரிமாற்றத்தில் ஜடேஜாவுக்கு நிர்ணயிக்கப்பட்ட தொகையோ 14 கோடி.

வரம்பற்ற விலை

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எப்எல்லில் புதுமுகங்கள் 'டிராப்ட்' முறையில் தேர்வு செய்யப்படுகின்றனர். 2011 முதல் அவர்களின் ஊதியத்துக்கு அங்கு வரம்பும் உண்டு. எனவே திறமையான புதுமுகம் கிடைத்தால் அணிக்கு அது மலிவான லாபம். ஐபிஎல் ஏலத்தில் இந்தியப் புதுமுகத்துக்கு அத்தகைய வரம்பு இல்லை. பல அணிகள் போட்டியிட்டால், அவர் இனிமேல் ஆடக்கூடிய ஆட்டத்துக்கான விலையையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டியுள்ளது.

50 ஆயிரம் ரூபாய் வீரர் தடுமாறினால் அணி பொறுமை காக்கலாம். 14 கோடி ரூபாய் வீரர் முதல் மூன்று ஆட்டங்களில் சோபிக்காவிட்டாலே கேள்விகள் எழும். புதுமுகத் தேர்வின் பலமே குறைந்த விலையும் கற்றுக்கொள்ளக் கிடைக்கும் கால அவகாசமும்தான். விலை உயரும்போது இரண்டும் ஒருசேரப் பறிபோகின்றன. அச்சுமையைத் தாங்கப்போவது அணியின் கணக்குப் புத்தகம் மட்டுமன்று, 20 வயதை ஒட்டிய இளைஞர்களும்தான்.