கிடைத்த நேரத்தில் பாடியவர்கள்

ராக் இசை என்றாலே காதைப் பொத்திக்கொள்ளும் பெரியவர்கள் உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்கள்கூட ‘குவீன்’ குழுவின் பாட்டு ஒன்றையாவது காற்பந்து அரங்கிலோ விளம்பரத்திலோ கேட்டிருப்பார்கள். இந்த வாரம் அந்தக் குழுவின் தொடக்கக் காலப் பதிவையும் பிற்காலப் பதிவையும் சேர்த்துப் பார்ப்போம். இரண்டிலும் அவர்களுக்குப் பற்றாக்குறையாக இருந்தது நேரம்தான்.

ஃபிரெடி மெர்குரி சான்சிபாரில் பிறந்த பார்சி பிள்ளை. பள்ளிப் படிப்பு மும்பைக்கு அருகிலுள்ள பஞ்ச்கனியில். 1972இல் லண்டனின் டிரைடன்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் அவரும் பிரையன் மே, ரோஜர் டெய்லர், ஜான் டீக்கன் ஆகிய மூவரும் முதல் தொகுப்பைப் பதிவு செய்தார்கள். காசு கொடுத்துப் பாட வந்தவர்கள் போன பிறகு, கூடம் காலியாகக் கிடக்கும் நேரம்தான் இவர்களுக்கு. நள்ளிரவோ விடியற்காலையோ, கூப்பிட்டால் ஓட வேண்டும். அப்படித் துண்டு துண்டாகச் சேர்த்த பாடல்கள் 1973 ஜூலையில் வெளிவந்தன.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1975இல் ‘பொஹிமியன் ராப்சடி’ பாடலுக்கு வாரக்கணக்கில் உழைத்தார்கள். பெரிய கூட்டம் பாடுவதுபோல் ஒலிக்கும் அந்தப் பகுதியில் இருப்பது ஃபிரெடி, பிரையன், ரோஜர் என மூன்றே பேர். குரல்மேல் குரல் பதிந்து பதிந்து, ஒலிநாடா தேய்ந்து மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெலிந்துவிட்டதாம்!

1991இல் மீண்டும் நேரம் சுருங்கியது. ஃபிரெடிக்கு எய்ட்ஸ் முற்றியிருந்தது. சுவிட்சர்லாந்தில் மோன்ட்ரோ நகரின் ஏரிக்கரைக் கூடத்தில், முடிந்த நாட்களில் வந்து பாடினார். எதையாவது எழுதிக் கொடு, பாடிவிடுகிறேன், மீதியை நீங்கள் பிறகு முடித்துக்கொள்ளுங்கள் என்பதே அவர் கேட்டுக்கொண்டது. பிரையன் தாளில் எழுத எழுத, இவர் வரி வரியாகப் பாடினார். ‘மதர் லவ்’ பாடலின் கடைசிச் சரணத்திற்கு முன், களைப்பாக இருக்கிறது, பிறகு வந்து முடிக்கிறேன் என்று போனார். திரும்பி வரவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 24ஆம் தேதி இறந்தபோது வயது 45.

மற்ற மூவரும் சொன்னபடி முடித்தார்கள். 1995இல் ‘மேட் இன் ஹெவன்’ தொகுப்பு வெளிவந்தது.

நேரம் வரட்டும், தொடங்கலாம் என்று வேலையைத் தள்ளிப்போடும் இளைஞர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களிடம் நான் சொல்லும் கதை இது. கூடம் காலியாகும்வரை காத்திருந்தவர், உடல் தேறும்வரை காத்திருக்கவில்லை.

‘மதர் லவ்’ கிடைத்தால் கேளுங்கள். கடைசிச் சரணத்தில் குரல் மாறும். அது பிரையனுடையது. நண்பன் விட்ட இடத்திலிருந்து அவர் பாடுகிறார்.