யாருடைய நம்பிக்கை?

இந்தூரில் மூளைக் கட்டியால் அவதியுற்ற மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு, 2025 மார்ச்சில் சமண முறைப்படி சந்தாரா விரதம் ஏற்பிக்கப்பட்டது. சில நிமிடங்களில் குழந்தை இறந்தது. பெற்றோரின் துயரத்தைச் சந்தேகிக்க நமக்கு உரிமையில்லை. ஆயினும், உண்ணாநோன்பால் உயிர் துறப்பது தற்கொலையே என 2015-இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அது ஒருவர் மனமுவந்து ஏற்கும் விரதம் என்றுதானே சமணர்கள் வாதிட்டனர்? அத்தீர்ப்புக்கு உச்ச நீதிமன்றத்தில் தடையும் பெற்றனர். மூன்று வயதில் மனமுவப்பது எங்ஙனம்?

உயிர்காக்கும் சிகிச்சை வேண்டாம் என முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2018-இல் உச்ச நீதிமன்றம் வயதுவந்தோருக்கு மட்டுமே வழங்கியது. அது சரியே. சிக்கல் பதின்பருவத்தில்தான். 1971-ஆம் ஆண்டின் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத பெண்ணுக்குக் காப்பாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் அவசியம். கருக்கலைப்பு பாவம் என்ற மத போதனையைப் பதினேழு வயதுப் பெண் முழுமனதோடு ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். கையெழுத்திடுவது பெற்றோர் என்பதால், பெரும்பாலும் அவர்களது நம்பிக்கையே முடிவாகிவிடுகிறது. வீட்டில் வாய் திறக்க முடியாத பெண், மருத்துவமனையில் தாயின் அருகில் நின்றுகொண்டா மனம்விட்டுப் பேசுவாள்?

காப்பாளரின் கருத்தும் சிறுமியின் கருத்தும் வேறுபட்டால், சிறுமியின் கருத்தை முக்கியமாகக் கருதவேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2024-இல் கூறியது. நீதிமன்றப் படியேறும் சிலருக்கு மட்டும் அது பயன்பட்டால் போதாது. ஒப்புதல் பெறும் முன் சிறுமியிடம் தனியே பேசி, அவளது விருப்பத்தைப் பதிவு செய்வதை மருத்துவர்களின் கடமையாக்கி மத்திய அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும். சிறாருக்குச் சந்தாரா இல்லை என அறிவிக்கச் சமணப் பெரியோர் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.