நோயுற்ற நாட்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

 

எம் மத்ரஸாவில் ஓதும் சிறுவன் ஒருவன் ஒரு வாரமாக வரவில்லை. விசாரிக்கச் சென்றேன். தோல் பதனிடும் தொழிற்சாலையொன்றில் வேலை பார்க்கும் அவனுடைய தகப்பனார், ஈரத்தரையில் வழுக்கி விழுந்து, முறிந்த கையுடன் நாற்பது நாட்களாக வீட்டில் இருந்தார். வீட்டு வேலைகளைப் பிள்ளை கவனித்துக்கொண்டிருந்தான்.

"முதலாளியைக் குறை சொல்ல மாட்டேன், ஹஜ்ரத். பதினெட்டு நாள் லீவு போட்டுச் சம்பளம் கொடுத்தார். மீதி நாளுக்கு ஈ.எஸ்.ஐ.யில் நோய் என்று எழுதி வாங்கினேன்" என்றார் அவர்.

முதலாளி நல்லவர், ஐவேளைத் தொழுகையாளி. ஆயினும் அந்தத் தொழிலாளிக்கு நட்டம் நேர்ந்திருந்தது. எவரும் வேண்டுமென்று செய்ததன்று. கணக்கு எழுதத் தெரியாமையால் வந்த நட்டம். இம்மாதம் இதைப் பற்றிச் சிந்திப்போம்.

தொழிலாளியின் விடுப்பு நாட்கள் பல வகைப்படும். உழைத்துச் சேர்த்த சம்பள விடுப்பு ஒன்று. இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் அது சேர்கிறது. சாதாரண நோய்க்கு ஈ.எஸ்.ஐ. தரும் உதவி மற்றொன்று. கூலியில் 70 விழுக்காடு, ஆண்டில் 91 நாட்கள் வரை. வேலையினால் நேர்ந்த காயத்துக்குரிய தற்காலிக ஊன உதவி வேறு; கூலியில் 90 விழுக்காடு, ஊனம் நீடிக்கும்வரை. பிரசவ உதவி முழுக் கூலி. முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரங்கள்.

ஒரே நாளுக்கு இவற்றில் இரண்டைப் பெற இயலாது. நோய் உதவியும் ஊன உதவியும் சேர்ந்து வாரா. நோய் உதவியும் பிரசவ உதவியும் சேர்ந்து வாரா. எது வேண்டுமென்று தேர்ந்துகொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. சம்பளத்துடன் விடுப்பிலிருக்கும் நாளுக்கு நோய் உதவியோ தற்காலிக ஊன உதவியோ இல்லை. 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டம் வகுத்த இம்முறை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது.

இப்போது கணக்கிட்டுப் பாருங்கள். நாட்கூலி 500 ரூபாய் என்று கொள்வோம். நாற்பது நாட்களும் வேலைக்காயம் என்று பதிந்திருந்தால், நாளொன்றுக்கு 450 வீதம் 18,000 ரூபாய் கிடைத்திருக்கும். சேர்த்த விடுப்பும் அப்படியே நின்றிருக்கும். நடந்ததோ வேறு. பதினெட்டு நாட்களுக்கு 9,000 ரூபாய். அது அவர் தாமே சேர்த்துவைத்த விடுப்பின் விலை. எஞ்சிய 22 நாட்களில், நோய் உதவிக்கான காத்திருப்பு இரண்டு நாள் போக, இருபது நாட்களுக்கு 350 வீதம் 7,000 ரூபாய். ஆக 16,000. பணத்தில் இரண்டாயிரம் குறைந்தது; விடுப்பில் பதினெட்டு நாள் போயிற்று; நாளை காய்ச்சலில் படுத்தால் உதவக்கூடிய 91 நாட்களிலும் ஒரு பகுதி கரைந்தது.

ஆகவே, தொழில் நடத்தும் சகோதரர்களே, ஒருவர் வேலைக்கு வர இயலாது போனால் முதலில் காரணத்தைக் கேளுங்கள். வேலைத்தலத்தில் நேர்ந்த காயமானால் அன்றே விபத்துப் பதிவேட்டில் எழுதி, ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு அறிக்கை அனுப்புங்கள். மருத்துவச் சான்றிதழ் வாங்கி வைக்கச் சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டில் காயம், நோய், பிரசவம், சம்பள விடுப்பு ஆகியவற்றைத் தனித்தனியே குறியுங்கள். சம்பள விடுப்பைத் தொழிலாளி கேட்டாலன்றி, அதுவும் உதவிக்காலம் முடிந்த பின்னரேயன்றி, தொடாதீர்கள்.

பெண் தொழிலாளர் விஷயத்திலும் இவ்வாறே. பிரசவ உதவி முதலில். பிரசவத்தால் உடல்நலம் குன்றினால் அதற்கென மேலும் ஒரு மாதம் வரை. அதன் பின்னும் தேவைப்பட்டால் அவர் சேர்த்த விடுப்பு. ஊனம் நிலையானதாகிவிட்டால் மருத்துவக் குழு அதன் அளவை நிர்ணயிக்கும். அந்த நிரந்தர ஊன உதவி மட்டும் வேலைக்குத் திரும்பிச் சம்பளம் பெறும்போதும் தொடரும். "வேலைதான் செய்கிறாரே" என்று அதைத் தடுக்க நினைப்பது தவறு.

இதற்கும் மார்க்கத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். ரமளானில் நோயுற்றவர் நோன்பை விட்டால், விட்ட நாட்களை எண்ணி வேறு நாட்களில் நோற்கிறார். நோயின் நாட்கள் வேறு, நோன்பின் நாட்கள் வேறு என்று எண்ணி வைக்கக் கற்ற சமுதாயம் நாம். குர்ஆனின் மிக நீண்ட வசனமான அல்பகரா 282, கடன் கணக்கை நேர்மையாக எழுதிவைக்குமாறு பணிக்கிறது. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் போதித்தார்கள். தொழிலாளியின் விடுப்பும் அவருடைய வியர்வையில் விளைந்த கூலியே. நம் பதிவேட்டில் இருக்கும் அமானிதம். அதை அவருக்குத் தெரியாமலே செலவழித்துவிட்டு, உதவி செய்தோம் என்று மனநிறைவு கொள்ளலாமா?

தொழிலாளர் இல்லத்துச் சகோதரிகளுக்கும் ஒரு சொல். சான்றிதழையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். விடுப்பு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று கேட்கத் தயங்காதீர்கள். அது நன்றி கெட்ட செயலன்று.

அந்த முதலாளியைச் சந்தித்து இவற்றை எடுத்துரைத்தேன். சற்று நேரம் மௌனமாக இருந்தார். "தெரியாமல் நடந்துவிட்டது, ஹஜ்ரத். மறுமையில் இதற்கு நானல்லவா பதில் சொல்ல வேண்டும்?" என்றார். அன்று மாலையே விபத்து அறிக்கை, தாமதமாகவேனும், சென்றது. பதிவேடும் திருத்தப்பட்டது. ஈ.எஸ்.ஐ.யின் முடிவு இன்னும் வரவில்லை. அது பாதகமாக அமைந்தால் குறையும் தொகையைத் தாமே தருவதாக அவர் வாக்களித்திருக்கிறார்.

சிறுவன் மறுநாளே மத்ரஸாவுக்கு வந்துவிட்டான்.

அடியார்களின் உரிமைகளை அறிந்து நிறைவேற்றும் நல்லறிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.