கேஸ் வெறும் டப்பா அல்ல

"புல்லட் இன்ஜின்தானே? போரிங் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்டி, கிராங்க்கை நேராக்கினால் வேலை முடிந்தது. கேஸுக்கு எதுக்குண்ணே செலவு? அது வெறும் டப்பா." பழைய இரும்புப் பேரல் புல்லட் வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள். கேஸ் என்பது கிராங்க்கைத் தாங்கும், இரண்டு பாதியாகச் சேரும் கிராங்க்கேஸ். 1955இல் சென்னையில் கட்டத் தொடங்கிய வண்டி இது. பிரித்து மாட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அவர்களில் பலருடைய பெட்டியில், தேய்மானத்தை நுணுக்கமாக அளக்கும் டயல் கேஜ் இருக்காது.

கேஸ் அசைவதில்லை, அதனால் தேயாது என்பது முதல் வாதம். கேஸ் அலுமினியம், பேரிங் எஃகு. சூட்டில் அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 62 மி.மீ. வெளிவிட்டமுள்ள பேரிங் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேறும்போது, அது உட்காரும் குழி பேரிங்கைவிட 0.05 மி.மீ. அளவுக்குக் கூடுதலாக விரிந்துவிடும். தண்ணீர் ஜாக்கெட் இல்லாத இன்ஜினில், அதுவும் சித்திரை வெயிலில், இந்தச் சூடு அதிசயமில்லை. குழி முதலிலேயே இறுக்கமாக இருந்தால்தான் சூட்டிலும் பேரிங்கைப் பிடித்துக்கொள்ளும். பிடி விட்டால் பேரிங்கின் வெளிவளையமே குழிக்குள் சுழன்று அலுமினியத்தைத் தின்னும். அந்தத் தூள் வெளியே போகாது, எண்ணெயில் கலந்து சுற்றும். இந்தக் கேஸிலேயே எண்ணெய்த் தொட்டியும் சேர்த்து வார்க்கப்பட்டிருக்கிறது.

"லூசா? சென்டர் பஞ்சால் சுற்றிக் குத்திவிடு, டைட் ஆகிடும்." ஆகும், கொஞ்ச நாளைக்கு. நானும் ஒரு காலத்தில் குத்தியவன்தான். முழுச் சுற்றும் தாங்க வேண்டிய பேரிங்கை நாலைந்து மேட்டின் நுனியில் நிறுத்தினேன். மேடு நசுங்கியதும் பழைய ஆட்டம் திரும்பி வந்தது. ஒழுங்கான வேலை இதுதான்: குழியைப் பெரிதாகக் கடைந்து, கேஸைச் சூடாக்கி புஷ் இறக்கி, இரண்டு பாதியையும் போல்ட் போட்டு இறுக்கிய பிறகு ஒரே செட்டிங்கில் இறுதி அளவுக்குப் போர் செய்வது. இரண்டு பக்கக் குழியும் ஒரே நேர்கோட்டில் வர இதுவே நம்பகமான வழி.

ஒரு பாதி உடைந்தால் சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் வேறொரு பாதி வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம் என்ற வாதமும் இதனாலேயே நிற்காது. ஜோடியாகக் கடைந்த பாதிகள் அவை. வேறு ஜோடியின் பாதியைச் சேர்த்தால் போல்ட் துளை பொருந்தலாம், கிராங்க்கின் அச்சு பொருந்தும் என்று சொல்ல முடியாது. சேர்த்தே ஆகவேண்டும் என்றால் லேத்துக்குப் போயே ஆகவேண்டும்.

போரிங் போதும் என்ற பேச்சு சறுக்குவது பேரல் உட்காரும் முகத்தில். அந்த முகம் பாதி இடக் கேஸில், பாதி வலக் கேஸில். கசிவை நிறுத்துகிறேன் என்று யாராவது அரம் போட்டிருந்தாலோ, இரு பாதியும் ஏற்ற இறக்கமாக நின்றாலோ, பேரல் கிராங்க்குக்குச் செங்குத்தாக நிற்காது. பிறகு 70 மி.மீ. போரை எத்தனை துல்லியமாகக் கடைந்து என்ன? பிஸ்டன் ஒரு பக்கமே உரசும். ஆறு மாதத்தில் புகை வந்ததும் பழி பிஸ்டன் கம்பெனி மேல் விழும். பாதிகள் சேரும் முகத்தை எமரி தாளில் தேய்ப்பதும் ஆபத்தே: தேய்த்த அளவுக்குப் பேரிங்குகள் நெருங்கி வர, கிராங்க்கின் பக்கவாட்டு இடைவெளி குறையும்.

கேஸில் ஸ்டட் இறங்கும் மரை போனால் மட்டும் மரை இன்சர்ட் போடுங்கள். அதில் வாதமே இல்லை.

எல்லாக் கேஸையும் கடைய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. நல்ல குழியைக் கடைந்து கெடுக்கும் பட்டறைகளும் உண்டு. அளந்த பிறகே கத்தி பட வேண்டும். ஆகவே அடுத்த முறை இன்ஜினைப் பிரிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கேஸ் குளிர்ந்திருக்கும்போதே, தட்டாமல் சூடாக்காமல் பேரிங் கையோடு வந்துவிட்டதென்றால், போரிங்குக்குப் பேரலைக் கொடுக்கும் முன் கேஸை லேத்துக்கு அனுப்புங்கள்.